படகில் ஒருத்தர் இருந்தே ஆகவேண்டுமா?

கடற்காகம்:
நேற்று இந்த மன்றத்தில் இன்னொரு இழையில் 'துடுப்பு' என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஒரு நாளைக்குச் சின்னப் படகை வாடகைக்கு எடுத்து, தீவுப் பக்கம் ஸ்நார்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு நீந்துவது) போகிறவர்களுக்கு அவர் சொன்ன யோசனை: "நங்கூரத்தைப் போட்டுவிட்டு எல்லாரும் இறங்கலாம். படகில் ஒருத்தரைக் காவலுக்கு உட்காரவைப்பது வீண்." இதற்கு நன்றி சொல்லி வரிசையாகப் பதில்கள் வேறு.

நங்கூரம் ஒன்றும் பூட்டு இல்லை. காற்று திசை மாறினால் படகும் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகும். அப்போது நங்கூரம் எதிர்த்திசையில் இழுபட்டு மணலை விட்டுப் பெயர்ந்துவிடலாம். காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும் தண்ணீர், வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று வீச ஆரம்பித்தால் அப்படியே இருக்காது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. காலிப் படகு காற்றில் ஓட ஆரம்பித்துவிட்டால், காலில் நீந்தும் ஃபின் மாட்டியிருந்தாலும் நீந்திப் பிடிப்பது நடக்காத காரியம். ஒருத்தர் படகில் இருந்தே ஆகவேண்டும்.

துடுப்பு:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டீர்கள். "நங்கூரம் மணலில் புதைந்திருப்பதை மாஸ்க் போட்டு இறங்கிப் பார்த்த பிறகு" என்று அதற்கு முன்னால் ஒரு வரி இருந்தது. அது எங்கே போனது?

ஸ்நார்கலிங்கில் முதல் பாடமே தனியாக நீந்தாதே என்பதுதான். இரண்டு பேர் போகிறார்கள். ஒருத்தர் படகில் உட்கார்ந்தால் மற்றவர் தண்ணீரில் தனி ஆள். மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டு முக்குளிக்கிறவர், மேலே வருகிற கடைசி இரண்டு மீட்டரில் நினைவு தப்பலாம். கை தட்டிக் கூப்பிட்டுவிட்டு மயங்க மாட்டார், சத்தமே இருக்காது. முப்பது மீட்டர் தள்ளிப் படகில் இருப்பவர் என்ன செய்வார்? நீங்கள் படகைக் காப்பாற்ற ஆளை விடுகிறீர்கள்.

கடற்காகம்:
இரண்டே பேர் என்றால் தாங்களே ஓட்டும் படகை எடுக்கக்கூடாது. ஓட்டுநரோடு எடுங்கள், மூன்றாவது ஆள் அவர். இவ்வளவு எளிதான விஷயத்துக்கு மயக்கம் வரைக்கும் போகவேண்டுமா?

நீலமீன்:
ஒரு சந்தேகம். எந்த மாதிரி இடத்தைப் பற்றிப் பேசுகிறோம்? மூன்று பக்கமும் கரை அணைத்த, மார்பளவு ஆழமுள்ள மணல் விரிகுடாவா? திறந்த கடலைப் பார்த்த பவளப்பாறை விளிம்பா? இரண்டுக்கும் ஒரே பதில் இருக்க முடியாதே.

கடற்காகம்:
இடம் எதுவானாலும் ஒருத்தர் படகில் இருக்கவேண்டும். எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பேர் போனோம், ஆழம் நான்கு மீட்டர். நங்கூரம் பதிந்திருந்ததை நானே இறங்கிப் பார்த்தேன். துடுப்பு, அந்த வரியில் சொன்னதை நானும் செய்தவன்தான். எல்லாரும் இறங்கினோம். நாற்பது நிமிடம் கழித்துத் தலையைத் தூக்கினால் படகு போட்ட இடத்தில் இல்லை, பாறைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வழியாக வந்த வேறொரு படகுக்காரர் பிடித்து இழுத்து வந்து கொடுத்தார். அவர் மட்டும் வரவில்லை என்றால் அந்த ஆளில்லாத தீவில் தண்ணீரும் நிழலும் இல்லாமல் உட்கார்ந்திருப்போம். லைஃப் ஜாக்கெட், கைபேசி எல்லாம் படகில்தான் இருந்தன. அன்றைக்கு ஒருத்தர் படகில் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பழைய மாலுமி:
எத்தனை மீட்டர் கயிறு விட்டீர்கள்? கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் சங்கிலி இருந்ததா?

கடற்காகம்:
வாடகைக்குக் கொடுத்தவர் வைத்திருந்தது 15 மீட்டர். முழுவதையும் விட்டோம். சங்கிலி இல்லை.

பழைய மாலுமி:
அப்போ விஷயம் முடிந்தது. நான்கு மீட்டர் ஆழம், தண்ணீரிலிருந்து அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் ஒரு மீட்டர், ஆகமொத்தம் ஐந்து. 15 மீட்டர் கயிறு என்றால் மூன்று மடங்குதான். அமைதியான தண்ணீரில்கூட ஐந்து மடங்காவது வேண்டும். காற்று இருந்தால் ஏழு, அதாவது 35 மீட்டர். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், பிடுங்கிக்கொள்ளும். நீளமாக இருந்தால் படுக்கைவாட்டில் இழுக்கும், இன்னும் ஆழமாகப் புதையும். இரண்டு மீட்டர் சங்கிலி இருந்தாலே அந்தக் கோணம் எவ்வளவோ குறையும். உங்கள் கதையில் தப்பு கயிற்றில்தான், ஆளில் இல்லை.

துடுப்பு:
கேட்டுக்கொள்ளுங்கள், கடற்காகம். ஆனால் மாலுமி அவர்களே, அணியத்தின் உயரத்தையெல்லாம் யார் கூட்டுகிறார்கள்? நான்கை ஏழால் பெருக்கினால் 28, அதுவே போதும்.

பழைய மாலுமி:
கயிறு கட்டியிருப்பது அணியத்தில், தண்ணீர் மட்டத்தில் இல்லை. ஆழம் குறைந்த இடத்தில்தான் அந்த ஒரு மீட்டர் பெரிய வித்தியாசம் காட்டும். ஓதத்தில் கடல் மட்டம் ஏறினால் அதையும் சேர்க்கவேண்டும். கயாக் என்ற துடுப்புப் படகைப் பற்றிய பழைய இழையிலும் இதே மாதிரி அரைக்கணக்கோடு வந்து வாதாடினீர்கள், மறக்கவில்லை.

துடுப்பு:
கயாக்கில் நான் சொன்னது சரி. அங்கே பதில் சொல்லாமல் போனது நீங்கள்.

கடற்காகம்:
கயாக்கை விடுங்கள். 35 மீட்டர் கயிறு விட்டால் படகு சுற்றும் வட்டம் எவ்வளவு பெரிதாகும்? சின்ன விரிகுடாவில் காற்று திரும்பினால் அதே 35 மீட்டர் உங்களைப் பாறைமேல் கொண்டுபோய் வைக்கும். அந்த வட்டத்துக்குள் பவளம் இருந்தால் கயிறும் சங்கிலியும் அதை அறுத்துக்கொண்டே போகும். கல்மாதிரி திரண்டு வளரும் பவளம் பல ஆண்டுகள் ஆனால்தான் விரலளவு ஏறும். அதை ஒரு பகல் வேளையில் உடைத்துவிட்டு வருவதா? படகு சுற்றுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். படகு கட்டவென்றே மிதவை போட்டிருக்கும் இடத்தில் அதில் கட்டினாலும் முடிச்சு நழுவுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கணக்கும் என் பக்கம்தான் வந்து நிற்கிறது.

நீலமீன்:
மறுபடியும் கேட்கிறேன், எந்த மாதிரி இடம்?

துடுப்பு:
அந்தக் காவல் ஆளைப் பற்றியே பேசுவோம். வாடகைப் படகில் வருகிறவர்களில் மோட்டாரைக் கிளப்பத் தெரிந்தவர் ஒருத்தர்தான் இருப்பார். அவருக்குத்தான் நீந்தவும் ஆசை இருக்கும். ஆக உட்கார்வது ஒன்றும் தெரியாதவர். படகு நகர்ந்ததும் பயந்துபோய் மோட்டாரைக் கிளப்புவார். பக்கத்தில் நாலு தலை மிதக்கிறது, கீழே புரொப்பெல்லர் சுற்றுகிறது. ஓடிப்போன படகைத் திரும்ப வாங்கலாம், கடற்காகம். புரொப்பெல்லரில் அறுபட்ட காலைத் திரும்ப வாங்க முடியாது.

கடற்காகம்:
அதனால்தான் கிளம்பும் முன்பே கரையில் வைத்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்கிறேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்ப்பது, மோட்டாரை நிறுத்தும் அந்தச் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுவது, எல்லாத் தலையும் எண்ணிக்கையில் சரியாக இருந்தால் மட்டும் கிளப்புவது. இதற்குப் பத்து நிமிடம் போதாதா?

பழைய மாலுமி:
கொடியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆட்கள் தண்ணீரில் இருந்தால் சிவப்பில் வெள்ளைப் பட்டைக் கொடி வேண்டும். ஃபுளோரிடாவில் அது சட்டம். திறந்த நீரில் கொடியிலிருந்து 300 அடிக்குள் வரும் படகு வேகத்தை அடியோடு குறைக்கவேண்டும்.

துடுப்பு:
அது வட அமெரிக்க வழக்கம். சர்வதேச சைகைக் கொடி நீலமும் வெள்ளையும், ஏ எழுத்துக்கான கொடி. எல்லாம் தெரிந்தவர் இதில் தடுமாறலாமா?

பழைய மாலுமி:
நீலக்கொடி இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? நீங்கள் படிக்காமலே எழுதுகிறீர்கள். கயாக்கிலும் இதேதான்.

கடற்காகம்:
எந்தக் கொடியானாலும் ஆள் இறங்கும்போது ஏற்றி, எல்லாரும் ஏறியதும் இறக்கவேண்டும். நீந்துகிறவர்களை நெருங்கி வருகிற படகைப் பார்த்துக் கத்திக் கைகாட்ட யார் இருக்கிறார்கள்? கொடி கத்துமா? மணிக்கு ஒரு நாட் நீரோட்டம்கூட...

பழைய மாலுமி:
"மணிக்கு ஒரு நாட்" என்று எழுதாதீர்கள். நாட் என்பதே மணிக்கு ஒரு கடல் மைல்.

கடற்காகம்:
சரி, ஒரு நாட். அது நிமிடத்துக்கு 30 மீட்டர் தள்ளிவிடும். பத்து நிமிடத்தில் 300 மீட்டர். நீந்துகிறவர் கண் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது, அரை மீட்டர் அலை எழுந்தாலே படகு மறைந்துவிடும். படகில் நிற்கிறவருக்குத்தான் தலை தெரியும்.

துடுப்பு:
அதற்கு வழி இருக்கிறது. தெம்பு இருக்கும்போது நீரோட்டத்துக்கு எதிராக முதலில் நீந்து, களைத்த பிறகு அதுவே படகுக்குக் கொண்டுவரும். படகின் பின்னால் மிதவை கட்டிய நீளக் கயிற்றை மிதக்கவிடு. இறங்கும் முன் ஏணியைப் போடு. இதைச் செய்தால் காவல் தேவையில்லை. துணையோடு நீந்தினால் போதும்.

கடற்காகம்:
நீரோட்டம் நடுவில் திரும்பினால்? மிதவைக் கயிறு படகோடு சேர்ந்தே போய்விட்டால்? ஏணி இருக்கும், படகு இருக்காது.

நீலமீன்:
சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேர் போகிறோம். ஓட்டுநரோடு படகு கிடைக்கவில்லை. விரிகுடா மாதிரியான இடம்தான். என்ன செய்ய?

துடுப்பு:
நங்கூரத்தை இறங்கிப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தே நீந்துங்கள். கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடித்துவைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் படகு நகர்ந்ததா என்று பாருங்கள்.

கடற்காகம்:
போகாதீர்கள். மூன்றாவது ஆள் கிடைக்கிற நாளில் போங்கள். ஒருத்தர் படகில் இருந்தே ஆகவேண்டும் என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன்.

பழைய மாலுமி:
கயிற்றை அளந்து பார்த்தீர்களா? அணியத்தின் உயரத்தையும் சேர்த்து.

துடுப்பு:
திரும்பவும் அணியமா!