புதுப்பிப்பு: நியூ ஆர்லியன்ஸில் இசை கேட்ட இரவுகள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நேரடி இசை கேட்க எங்கே போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். போர்பன் தெருவைத் தவிர்த்துவிட்டு ஃபிரெஞ்ச்மென் தெருவுக்குப் போகுமாறு பலரும் சொன்னீர்கள். பெரும்பாலும் அது சரியான யோசனைதான். ஆனால் போர்பன் தெருவுக்கு மிக அருகிலேயே, செயின்ட் பீட்டர் தெருவில், 1961 முதல் இயங்கும் பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் அரங்கை யாரும் குறிப்பிடாதது வியப்பளித்தது.

அங்கே மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை. சில பெஞ்சுகளும் தரை மெத்தைகளும் கிடக்கும் பழைய அறையில், டிராம்போன் என்னும் ஊதுகருவியை வாசிப்பவர் கையை நீட்டும்போதெல்லாம் முன்வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியின் துணையில்லாமல் அத்தனை கருவிகளும் அவ்வளவு தெளிவாகக் கேட்டது இன்னும் நினைவில் நிற்கிறது. நிகழ்ச்சி முக்கால் மணி நேரந்தான். முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

ஃபிரெஞ்ச்மென் தெருவில் ஸ்பாட்டட் கேட் போன்ற சிறிய இடங்களில் அன்பளிப்புப் பணம் போடுவதற்கான இசைக்குழுவின் வாளி உங்களிடம் வரும். இசைஞர்களின் வருமானத்தில் அதற்குப் பெரும் பங்குண்டு என்பதால் சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். உட்கார்ந்து அமைதியாக ஜாஸ் கேட்க விரும்புவோருக்கு ஸ்னக் ஹார்பர் பொருந்தும்.

1977இல் தொடங்கப்பட்ட டிபிட்டினாஸ் என்ற இசை அரங்கு நெப்போலியன் அவென்யூவில், போர்பன் தெரு இருக்கும் பிரெஞ்சுக் குடியிருப்பிலிருந்து வெகு தள்ளி உள்ளது. நடந்து போகலாம் என்று எண்ணாமல் வாடகைக் காரிலேயே போய் வாருங்கள்.