கொடுமணல் பானையோடு ஜெய்ப்பூர் நீலம் சேருமா?

காங்கேயத்து மகள்: தந்தை காங்கேயத்தார், தாய் ஜெய்ப்பூர்க்காரர். நொய்யலின் வடகரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கருப்பு சிவப்புப் பானைகளின் சாயலில் ஒரு கலம் வனைந்து, ஈரம் காயுமுன் அம்மா ஊர் நீலக் கலத்துக்கான கலவையைப் பூசிச் சுட்டேன். பூச்சு செதில் செதிலாக உரிந்துவிட்டது. பிழை எங்கே?

சூளையடி: அம்மணி, ஜெய்ப்பூர் நீலக் கலத்துக்குக் களிமண் அடிப்படையன்று, அரைத்த குவார்ட்ஸ் கல்லும் கண்ணாடித் தூளுமே அதன் உடல் என்பதால், உலரும்போது அது அதிகம் சுருங்காது. நம் களிமண்ணோ நன்றாகச் சுருங்கும். இரண்டையும் தனித்தனியே சுட்டு, நீலத் துண்டுகளைப் பிறகு பதியுங்கள். கருப்புக்குச் சாயம் வேண்டாம்: கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய பானையைக் கவிழ்த்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கருக்கும், காற்றுப் பட்ட புறம் சிவக்கும்.

சென்னிமலையான்: வடக்கும் தெற்கும் கலப்பது கொடுமணலுக்குப் புதிதன்று. அங்கு கிடைத்த தமிழி (பழந்தமிழ் எழுத்து) பொறித்த பானை ஓடுகளில், பிராகிருதம் என்னும் பழைய வடநாட்டு மொழியின் சாயலுள்ள பெயர்களும் உண்டு. பச்சைக்கல்லும் குவார்ட்ஸும் அங்கேயே மணிகளாகப் பட்டை தீட்டப்பட்டன. ஆகவே உங்கள் குவார்ட்ஸ் கலவை அங்கே அந்நியமாகாது. ஒன்று மட்டும்: மாதிரிக்காகக்கூட கொடுமணல் நிலத்தில் கிடக்கும் ஓடுகளைப் பொறுக்காதீர்கள், அருங்காட்சியகத்தில் பார்த்து வரைந்துகொள்ளுங்கள்.