இலங்கை ஜனாதிபதியின் மன்னிப்பு அதிகாரம்: அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் எங்கே கட்டுப் போடுவது?

வடமுனை:
மிருசுவிலில் 2000 டிசம்பரில் 8 பேர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர் ஒருவர் 2020 மார்ச்சில் மன்னிப்பில் வெளியே வந்தார். இறந்தவர்களின் குடும்பத்தைக் கேட்கவேண்டும் என்று 34இல் ஒரு சொல்லும் இல்லை. இதைத் திருத்தப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு போதுமா, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டுமா?

ஏட்டுக்கட்டு:
வாக்கெடுப்பு தேவைப்படும் உறுப்புரைகளைச் சொல்லும் 83ஆம் உறுப்புரைப் பட்டியலில் 34 இல்லை. அதனால் 225இல் 150 வாக்கு போதும் என்று தோன்றும். ஆனால் 19ஆம் திருத்த வரைவில், ஜனாதிபதியின் நிறைவேற்று அதிகாரத்தைப் பிரதமருக்கு மாற்றிய சில வாசகங்களுக்கு வாக்கெடுப்பு தேவை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மன்னிப்பை முழுதாக ஒரு குழுவிடம் கொடுத்தால் அதே சிக்கல் வரலாம். கடைசிக் கையெழுத்தை அவரிடமே விட்டு, அதற்கு முந்திய படிகளை இறுக்குவதே பாதுகாப்பு.

நடுவூர்:
அந்தப் படிகள் இப்போது மரண தண்டனைக்கு மட்டும்தான்: விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை, பிறகு ஜனாதிபதி. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 ஜூனில் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. இந்த ஒழுங்கை மீறியதும் தன்னிச்சையாக முடிவெடுத்ததும் அதில் முக்கியம். மற்றத் தண்டனைகளுக்கு இந்த வேலியே கிடையாது. முதல் திருத்தம் அங்கேதான்: எல்லாப் பாரதூரமான குற்றத்துக்கும் மூன்று படிகளும் பொருந்தவேண்டும். மரண தண்டனை முன்பே ஆயுளாகக் குறைந்திருந்தாலும் பொருந்தும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு தவணையில் தப்ப வழி இருக்கும்.

வடமுனை:
நீதிமன்றமே ரத்துச் செய்யும்போது திருத்தம் எதற்கு?

நடுவூர்:
காலத்துக்காக. ரோயல் பார்க் கொலை வழக்கில் மன்னிப்பு 2019 நவம்பர், ரத்து 2024 ஜூன். ஆள் அதற்குள் நாட்டை விட்டுப் போய்விட்டார். தீர்ப்புக் கையில், கைதி இல்லை! அடிப்படை உரிமை மனுவுக்கு 126இன்படி ஒரு மாதம்தான். 34 வர்த்தமானி அறிவித்தலையும் கேட்கவில்லை, காரணத்தையும் கேட்கவில்லை. ஆகவே காரணத்துடன் வர்த்தமானியில் வரட்டும், வந்து 30 நாள் கழிந்தே விடுதலை, மனு தாக்கலானால் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வரை உள்ளேயே. என் பார்வையில் குழு அமைப்பதைவிட இந்த 30 நாள் பெரிது.

ஏட்டுக்கட்டு:
வெசாக் நாளில் கூட்டாக மன்னிக்கப்படும் கைதிகளின் பட்டியல்களுக்கும் பெயர்வாரி வர்த்தமானி வேண்டும். 2025இல் அனுராதபுரம் சிறையில் பட்டியலில் இல்லாத ஒருவரே விடுவிக்கப்பட்டார். பெயர்கள் பொதுவில் இருந்தால் சிறை வாசலிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.