ஜாகுவார் மார்க் 2 காரின் வால்நட் பலகையைச் சீரமைக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 1959 முதல் 1967 வரை தயாரிக்கப்பட்ட ஜாகுவார் மார்க் 2 வகைக் கார் ஒன்றின் டாஷ்போர்டு மரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்று வருகிறேன். க்ளவ் பாக்ஸ் மூடியின் ஓரத்தில் வால்நட் வெனீர் (மேலே ஒட்டப்பட்ட மெல்லிய மரத்தகடு) அடிப்பலகையை விட்டுக் கிளம்பி, மூலையில் விரல்நகம் அளவுக்குப் பெயர்ந்தும் போயுள்ளது. மேல்பூச்சும் வெயிலில் வெடித்திருக்கிறது.

வெனீர் மிக மெல்லியது. உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் அடிமரம் தெரிந்துவிடும். ஆகவே பழைய பூச்சைப் பெயின்ட் ரிமூவரால் இளக்கி, மழுங்கிய சுரண்டியால் எடுப்பதே முறை என்று கருதுகிறேன். வெனீர் முழுவதையும் மாற்றிவிடுமாறு சிலர் கூறுகின்றனர். ஆனால் மூடியின் ரேகைகள் அருகிலுள்ள பலகைகளின் ரேகைகளோடு இயைந்திருப்பதே இந்த மரவேலையின் அழகு என்பதால், அதற்கு மனம் ஒப்பவில்லை.

பழைய பசை வஜ்ஜிரமாக (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) இருந்தால், ஈரத்துணியின் மேல் மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து இளக்கி, கிளாம்பு போட்டு அழுத்தினால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அது வஜ்ஜிரமா, செயற்கைப் பசையா என்பதை மரத்துக்குச் சேதமின்றி எவ்வாறு சோதிப்பது? மேலும், பெயர்ந்த இடத்தில் பதிக்கும் புதுத் துண்டின் நிறத்தை, வெயிலில் வெளுத்த பழைய வால்நட்டின் நிறத்தோடு பொருத்துவதற்கு, பூச்சுக்கு முன் சாயமேற்றுவது நல்லதா, பூச்சிலேயே நிறம் கலப்பது நல்லதா? இத்தகைய வேலையை நேரில் செய்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.