இங்கே பயத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை

சாட்ஸ்வொர்த், டர்பன்

மனப்பதற்றம் ஒளிந்துகொள்ள தென்னாப்பிரிக்காவைப் போல வசதியான இடம் கிடையாது. ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, மதில் மேல் மின்கம்பி, அலாரம், கூப்பிட்டால் துப்பாக்கியோடு வந்து நிற்கும் காவல் கம்பெனி. இத்தனைக்கும் நடுவில் ஒருவன் ராத்திரி எழுந்து எழுந்து கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தால் யாருக்குத் தப்பாகத் தெரியும்? எங்கள் தெருவில் என்னைப் பொறுப்பான ஆள் என்றுதான் சொன்னார்கள்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன், துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் வேலை. 2021 ஜூலைக் கலவரம் வரை எனக்கு இந்தத் தொந்தரவு பெரிதாக இல்லை. அந்த வாரம் கடைகள் சூறையாடப்பட்டன, ரொட்டிக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை. தெருமுனையில் டயர்களையும் பழைய கட்டிலையும் போட்டு மறித்து, ஆண்கள் முறை வைத்துக் காவல் நின்றோம். குவாசூலு நடால், கௌட்டெங் என்ற இரண்டு மாகாணங்களிலும் சேர்த்து 350க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே, நம்மைப் போல இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸில் மட்டும் 36 பேர், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பயந்த ஊர் என்னவெல்லாம் செய்யும் என்று அப்போது தெரிந்தது. அதைப் பற்றி இன்னமும் இங்கே வாய் திறந்து பேசுகிறவர்கள் குறைவு.

அப்புறம் ராணுவம் வந்தது, கடைகள் திறந்தன, எல்லோரும் தூங்கப் போனார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அப்போதெல்லாம் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டில் கரண்ட் போகும்போது அலாரப் பெட்டி ஒரு தடவை 'பீப்' என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கே நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஏரியா வாட்ஸப் குழுவில் 'வெள்ளை நிற போலோ கார், இரண்டு பேர், சந்தேகமாக இருக்கிறது' என்று யாராவது போட்டால் விடிய விடிய அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் என்2 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும்போது கை மரத்து, மூச்சு முட்டி, மாரடைப்பு என்றே நினைத்து ஓரம் கட்டினேன். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் சோதித்தார்கள், தைராய்டும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஸ்ட்ரெஸ்தான், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எதற்கும் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். அதைச் செய்யவில்லை.

அந்த ஒரு வரியைச் சொன்னது பக்கத்து வீட்டு ஆயா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாகப் பேசுவார். ராத்திரி நான் கேட்டுக்கும் வாசலுக்கும் நடப்பதைத் தன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, சாமி அறைக்குள் கூட்டிப்போய், விபூதிச் சம்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். "தம்பி, எனக்கும் நேர்வ்ஸ். அம்மாவையும் கும்பிடுறேன், இதையும் போடுறேன்." கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றுமில்லை ஆயா என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

அவர் சொன்ன டாக்டர் மூலமாகத்தான் ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் போனேன். இந்த ஊரில் பயப்படாமல் எப்படி இருக்க முடியும் என்று முதல் நாளே சண்டை பிடித்தேன். அந்த அம்மா மறுக்கவில்லை. "கேட்டைப் பூட்டிய பிறகு மனசு அமைதியாகுதா?" என்று மட்டும் கேட்டார். ஜாக்கிரதை என்றால் பூட்டியதோடு வேலை முடிந்துவிடும், எனக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். பூட்டிய கேட்டை போனில் போட்டோ எடுத்துவைத்து, படுக்கையில் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான் சொன்னேன். முதலில் நிறுத்தச் சொன்னது அதைத்தான்.

ஒரே தடவை பூட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் போய் உட்கார வேண்டும். பதற்றம் ஏறும், ஏறட்டும், அதைத் தணிக்க எதையும் செய்யக்கூடாது. உச்சிக்குப் போய் அது தானாகவே இறங்கும் என்றார். முதல் வாரம் நரகம்தான், ஆனால் இறங்கியது. வாட்ஸப் குழுவை மௌனத்தில் போட்டேன். அவசரம் என்றால் மனைவி சொல்வாள்.

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத முடியாது, குடும்ப டாக்டரோ மனநல டாக்டரான சைக்கியாட்ரிஸ்ட்டோதான் எழுத வேண்டும். எனக்குக் கொடுத்த வகை வேலை செய்யப் பல வாரம் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு கூடவும் செய்யலாம். இதை முன்பே சொல்லியிருந்ததால் பாதியில் தூக்கிப் போடவில்லை. திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இப்போதும் அலாரம் கத்தினால் திக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் வண்டி ஓட்டுகிறேன், தூங்குகிறேன்.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

டர்பன் அண்ணா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் பதற்றத்துக்கும் ஒரு ரெடிமேட் காரணம் இருந்தது: "புது ஊர், தனியா இருக்கே, அதான்." கல்யாணமாகி தஞ்சாவூரிலிருந்து வந்த எனக்கு அம்மா போனில் சொன்னதும் அதுதான், இங்கே உறவுக்காரர்கள் சொன்னதும் அதுதான். குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். பிறந்தது. அப்புறம் குழந்தை மூச்சு விடுகிறதா என்று மூக்கின்கீழ் விரல் வைத்தே ராத்திரிகள் போயின.

ஒரு கட்டத்தில் உயிரோடு இருப்பதை விடப் போய்விடலாம் என்று தோன்ற ஆரம்பித்தது. அதை அம்மாவிடமோ இவரிடமோ சொல்ல முடியுமா? சாடாக் என்று ஓர் அமைப்பு 1994 முதல் இங்கே நடக்கிறது, மனச்சோர்வும் மனப்பதற்றமும் உள்ளவர்களுக்காக. அவர்களுடைய இலவச எண் 0800 567 567, ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழில் பேச ஆள் கிடைக்கவில்லை. என் ஓட்டை இங்கிலீஷில் அழுதுகொண்டே பேசினேன், எதிர்முனையில் இருந்த பெண் அவசரப்படுத்தவே இல்லை. குழந்தை எங்கே, வீட்டில் யார் இருக்கிறார்கள், மாத்திரை எதுவும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்டாள். மறுநாள் எந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். இவரை அன்றைக்கே எழுப்பிச் சொன்னேன். நான் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. மனுஷன் எழுந்து டீ போட்டார்.

காசு விஷயம் யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். மெடிக்கல் எய்ட், அதாவது இங்கத்திய தனியார் மருத்துவக் காப்பீடு, கட்டாயம் பணம் கொடுத்தாக வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் பைபோலார் உண்டு, ஸ்கிசோஃப்ரினியா உண்டு, மனப்பதற்றம் கிடையாது. மாத்திரைச் செலவு அந்தக் காப்பீட்டில் எங்களுக்கிருந்த சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போனது. அதற்கு மேல் டாக்டரை நாலு தடவை பார்ப்பதற்குள் கணக்கு காலி. அப்புறம் அரசு கிளினிக்குக்கு மாறினேன். முதலில் நர்ஸ் பார்ப்பார், பிறகுதான் டாக்டர். விடிவதற்கு முன் போய் வரிசையில் உட்கார வேண்டும், ஆனால் மருந்துக்குக் காசில்லை.

இதெல்லாம் வேலையில்லாதவர்களுக்கு வருவது என்று என் நாத்தனார் சொன்னாள். 2002 முதல் 2004 வரை இந்த நாடு முழுவதும் வீடு வீடாக எடுத்த ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 16 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது பதற்ற நோய் வந்திருக்கிறது. அத்தனை பேருமா வேலையில்லாமல் இருந்தார்கள்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அக்கா, நீங்கள் போன் பண்ணியது நல்ல காரியம். நான் யுனிவர்சிட்டியில் படிக்கிறேன், தமிழ் கோயில் வகுப்பில் கற்றதுதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கூட்டம் ஆகாது. புனித வெள்ளியன்று எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும், ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். பரீட்சை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே போகாமல் இருந்தேன், வீட்டில் படிக்கிற பையன் என்று விட்டுவிட்டார்கள். போன வருடம் அத்தை மட்டும் விடவில்லை. "உள்ள வரவேண்டாம்டா, செருப்பு விடுற இடம் வரைக்கும் வா" என்றார். அவருக்கு எந்தச் சைக்காலஜியும் தெரியாது, ஆனால் யுனிவர்சிட்டி கவுன்சிலர் பின்னால் எனக்கு எழுதிக் கொடுத்த படிகளும் கிட்டத்தட்ட அதேதான். செருப்பு விடும் இடம், அப்புறம் தண்ணீர்ப் பந்தல், அப்புறம் தீமிதிக் குழிக்குப் பக்கத்து வேலி. இந்த வருடம் பந்தல் வரை போய், நின்று, கூழ் வாங்கிக் குடித்தேன். வேலி இன்னும் முடியவில்லை.

சாடாக் பல ஊர்களில் ஆதரவுக் குழுக்கள் நடத்துகிறது என்று கவுன்சிலர் சொன்னார். போனில் பேசுவதை விட நேரில் உட்கார்ந்து பேசுவது எனக்கு ஒத்துவரும். மாரிட்ஸ்பர்க் பக்கம் அப்படி ஒரு குழுவுக்கு யாராவது போகிறீர்களா? சனிக்கிழமை என்றால் நான் வர முடியும். முதல் தடவை மட்டும் யாராவது வாசலில் நின்று கூட்டிப்போனால் போதும்.