ஏழு பேரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான், ஆனால் அணியாக மாட்டேன் என்கிறார்களே?

மானாவாரி:
ஊரில் கபடி அணி ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. முதல் மாதம் எல்லாவற்றுக்கும் "சரிண்ணே" என்று தலையாட்டினார்கள், இப்போது ஒரு பிடி தவறினால் களத்திலேயே சண்டை. போன ஞாயிறு பாடி வந்த எதிரணி ரைடரை எங்கள் லெஃப்ட் கார்னர் (இடது ஓரத்தில் நிற்பவர்) கணுக்காலில் பிடித்து மண்ணில் இழுபட்டுக்கொண்டே கிடக்கிறார், பக்கத்தில் கவர் என்ற தடுப்பு இடத்தில் நின்றவர் பாய்ந்து அமுக்க வேண்டாமா, பார்த்துக்கொண்டே நிற்கிறார். கேட்டால் "என்னைக் கேட்டா பிடிச்சான்?" என்கிறார். பேசாமல் கலைத்துவிட்டு வேறு ஆட்களைச் சேர்க்கலாமா?

பழைய கார்னர்:
கலைக்காதீங்க தம்பி. நாலு மாதம் ஒன்றுமே இல்லை. பிடிக்கு முதலில் போவது யார், பின்னால் விழுவது யார் என்பதை ரைடர் கோட்டைத் தாண்டும் முன்பே கண்ணால் பேசிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. தினமும் அரை மணி நேரம் மூன்று பேரை மட்டும் நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. களத்தில் மூன்று அல்லது அதற்குக் குறைவான ஆட்களே இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், ஒரு புள்ளி கூடுதல், அந்த ஆசையும் இருக்கும். ஏழு பேரில் ஒருவர் சும்மா நிற்கலாம், மூன்று பேரில் முடியாது.

நிழல்மரம்:
நான் பயிற்சித் துறையில் இருக்கிறேன். ப்ரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-லேயே இதை எழுதியிருக்கிறார்: கூடுவது, மோதுவது, ஒரு ஒழுங்குக்கு வருவது, அப்புறம்தான் சேர்ந்து வேலை செய்வது. 1977-ல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து கலைவதை ஐந்தாவது கட்டமாகச் சேர்த்தார். நீங்கள் இரண்டாவதில் நிற்கிறீர்கள். இப்போது ஆளை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

கரிசல்:
நிழல்மரம் சொல்வது சரி, ஆனால் எல்லாச் சண்டையையும் "கட்டம்" என்று விட்டுவிட முடியாது. எங்கள் அணியில் இரண்டு வருடம் ஓயாத சண்டைக்குக் காரணம் பரிசுப் பணம். ரைடருக்குக் கைதட்டலும் பணமும், காலைப் பிடித்து முட்டி தேய்ந்தவனுக்குப் பரோட்டா. கணக்கை ஏழு பேர் முன்னால் நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் பேச்சே குறைந்தது. உங்கள் கவர்காரருக்கு மனதில் என்ன இருக்கிறது என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டீர்களா?

மானாவாரி:
கேட்கவில்லை, அது என் தவறுதான். கரிசல் எழுதியதைப் படித்த பிறகு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஏழு பேருக்கும் பனியன் அடித்த காசில் பாதி அவர் கையிலிருந்து போட்டது, இன்னும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த லெஃப்ட் கார்னர்தான் பணம் வசூலிப்பதாகச் சொன்னவர். நாளைக்கு முதலில் அந்தக் கணக்கை முடிக்கிறேன், அப்புறம் அவர்கள் இரண்டு பேரையும் அந்த மூன்று பேர் பயிற்சியில் ஒன்றாக நிறுத்துகிறேன். மூன்றாவதாக யாரை விடலாம், ரைட் கார்னரையா சென்டரையா?

பழைய கார்னர்:
சென்டர். வாய் பேசாத ஆளாகப் பார்த்து விடுங்க.