ஆப் 1200 கலோரி என்கிறது, கேட்கலாமா?

பேக்டரி பஸ்:
வணக்கம். வயது 42, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வீடு, ஈப்போ பக்கம் பேக்டரியில் பேக்கிங் வேலை, பாதி நேரம் நின்றுகொண்டே. கைப்பேசியில் ஒரு ஆப் இறக்கி, வாரம் ஒரு கிலோ குறைய வேண்டும் என்று தட்டினேன். ஒரு நாளைக்கு 1200 கலோரி என்று வந்தது. அதன்படி சாப்பிட்டால் மதியத்துக்கு மேல் தலை சுற்றுகிறது. பொறுத்துக்கொள்வதா, அளவை ஏற்றுவதா? வீட்டுக்காரரும் கூடவே ஆரம்பிக்கிறேன் என்கிறார்.

ஜிம் தம்பி:
பொறுத்துக்கோங்க அக்கா. ஆரம்பத்தில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். பெண்களுக்கு 1200 என்பது உலகம் முழுக்கச் சொல்கிற அளவு. மெதுவாக இறங்குகிறேன் என்று போனால் சலித்துவிடும். தீபாவளி பலகாரம் வந்தால் எல்லாம் போச்சு.

கணக்கு வாத்தியார்:
உலகம் முழுக்கச் சொல்வது உண்மைதான், ஆனால் எதற்காகச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் இதற்குக் கீழே போகாதீர்கள் என்பதற்குத்தான் 1200. ஆண்களுக்கு 1500 என்பார்கள். எல்லாரும் இதைச் சாப்பிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

தங்கச்சியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1990-ல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம்: எடையை 10-ஆல் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழி. பெண்ணாக இருந்தால் இன்னும் 161 கழி, ஆணாக இருந்தால் 5 கூட்டு. தங்கச்சிக்கு 820, 987.5, அதில் 210-ம் 161-ம் போக ஏறக்குறைய 1436. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு எரிக்கிற அளவு இது. நின்று வேலை செய்கிறவர் என்பதால் 1.375-ஆல் பெருக்கினால் 1975.

ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். வாரம் ஒரு கிலோ என்றால் தினமும் 1100 குறைக்க வேண்டும். 1975-ல் 1100 போனால் மிச்சம் 875. அதை வெளியே காட்ட ஆப்புக்குத் தைரியம் இல்லை, 1200-ல் நின்றுவிட்டது. தங்கச்சி பார்த்தது அவருடைய உடம்புக்குப் போட்ட கணக்கே இல்லை. வாரம் அரை கிலோ என்று மாற்றித் தட்டட்டும். 500, 550 கழித்து 1450 பக்கம், 1500-க்குள் வரும். அதில் தொடங்கலாம்.

ஜிம் தம்பி:
அண்ணே, கணக்கு சரி. ஆனால் மெதுவாகப் போனால்தான் நிலைக்கும் என்கிற பேச்சுக்கு ஆதாரம் எங்கே? ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவை 12 வாரத்தில் வேகமாகவும் இன்னொரு குழுவை 36 வாரத்தில் மெதுவாகவும் இறக்கிப் பார்த்தார்கள், 2014-ல் வெளிவந்தது. மூன்று வருஷத்துக்குள் இரண்டு குழுவிலும் இறங்கிய எடையில் 70 சதவீதம்போலத் திரும்பிவிட்டது. பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வில் நீரிழிவுக்காரர்களுக்குத் தினமும் 825 முதல் 853 கலோரிதான். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. 850-ல் அவர்கள் செத்துப்போகவில்லை. அக்கா 1200-க்குப் பயப்படுவானேன்?

பழைய மிஸ்ஸி:
பழைய நர்ஸ் நான், அதனால் சொல்கிறேன். தம்பி படித்துவிட்டுப் பேசுகிறார், அது பிடித்திருக்கிறது. ஆனால் டைரக்ட் ஆய்வில் பாதியைத்தான் சொன்னார். முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்கினார்கள். இன்சுலின் போடுகிறவர்களைச் சேர்க்கவே இல்லை. சாப்பாட்டுக்குப் பதில் சத்து கணக்குப் பார்த்துச் செய்த பானம், மூன்று முதல் ஐந்து மாதம் வரை, கூடவே கிளினிக்கில் ஆள் வைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது வருஷத்தில் 46 என்பது 36 ஆனதையும் சொல்ல வேண்டும். தனியாக வீட்டில் ஆப்பைப் பார்த்து 850-க்கு இறங்குவதும் அதுவும் ஒன்றில்லை. வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் வரும் ஆபத்தும் கூடுகிறது.

பேக்டரி பஸ், உங்கள் தலைசுற்றலுக்குப் பசி மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தச் சோகையாக இருக்கலாம், அழுத்தம் இறங்கியிருக்கலாம். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

பழைய லயம்:
எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர். விடியுமுன் எழுந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கி, பால் வாளி தூக்கி வந்தவர். ஒரு நாள் கலோரி எண்ணியதில்லை, ஒரு சுற்று பெருத்ததும் இல்லை. இப்போது பசியாறுவதற்கே கால்குலேட்டர் வேண்டுமாம். குறைத்துச் சாப்பிடுங்கள், நடங்கள். இதற்கு இத்தனை சூத்திரமா?

கோப்பி ஓ கோசோங்:
ஐயா, உங்கள் அம்மா எண்ணாமல் ஒல்லியாக இருந்ததற்குக் காரணம் அந்த வாளிதான். அந்த மேட்டை இப்போது யார் ஏறுகிறார்கள்? தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் என்கிற வீட்டுமனைக் குடியிருப்புக்கு வந்தோம். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறோம். சோறு மட்டும் அதே குவியல். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள், நீரிழிவு அதிகம் இருப்பது இந்தியர்களிடம்தான்.

ஆனாலும் வாத்தியாரின் கணக்குக்கு நானும் கை தூக்க மாட்டேன். 1992-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. குறைத்துத்தான் சாப்பிடுகிறோம், எடை இறங்கவில்லை என்றவர்களைப் பிடித்து அளந்தார்கள். தினமும் 1028 கலோரி சாப்பிடுவதாக எழுதிக் கொடுத்தவர்கள் உண்மையில் சாப்பிட்டது 2081. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணளவு அப்படித்தான். இலக்கு 1450-ஆ 1500-ஆ என்று இங்கே சண்டை போடுகிறோம், தட்டில் 600 தப்பிப் போகிறது. அதைவிடச் சுகாதார அமைச்சு சொல்கிற சுக்கு சுக்கு செபாரோ (கால், கால், பாதி) போதும். தட்டில் பாதி காயும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ.

கணக்கு வாத்தியார்:
பாதி காய் சரி, அந்தக் காயை எதில் வதக்கினீர்கள்? நம் வீட்டில் தப்பிப் போகிற கலோரி தட்டில் தெரிவதில்லை, சட்டியில் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. குழம்பில் எத்தனை கரண்டி என்று சாப்பிடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

தராசு வேண்டாம், எண்ணெய்ப் பாக்கெட்டைப் பாருங்கள். மானியத்தில் 2 வெள்ளி 50 காசுக்கு விற்கிற ஒரு கிலோ பாக்கெட்டில் 9000 கலோரி. நாலு பேர் வீட்டில் ஒரு வாரத்தில் ஒரு பாக்கெட் தீர்ந்தால், தலைக்குத் தினமும் 320 போல எண்ணெயிலேயே போகிறது. அதே பாக்கெட் இரண்டு வாரம் வந்தால் 160 மிச்சம், சோற்றில் ஒரு பிடிகூடக் குறைக்காமல். பொரித்த எண்ணெயைக் கீழே ஊற்றுகிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தே தாரிக், நம் பால் டீ. டின் பால் இரண்டு மேசைக்கரண்டி விழுந்தாலே 120-க்கு மேல். வேலையிடத்தில் அது மூன்று கிளாஸ் ஆகிறது.

கோப்பி ஓ கோசோங்:
அதற்குத்தான் என் பெயரே இப்படி, பாலும் சீனியும் இல்லாத கோப்பி. 😀 பாக்கெட் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். தினமும் ஆப்பில் ஒவ்வொரு வாயையும் பதிவதை ஏற்க மாட்டேன். அது சிலருக்குப் பைத்தியம் பிடிக்கிற அளவுக்குப் போய்விடுகிறது.

குலைவெட்டி:
நடுவில் ஒரு கேள்வி. செம்பனைக் குலை வெட்டுகிறேன். 34 வயது, 170 சென்டிமீட்டர், 100 கிலோ. வெயிலில் கம்பைத் தூக்கி வெட்டி, குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றும் வேலை. ஜிம் தம்பி மாதிரி ஒருவர் என்னிடமும் 1500 என்றார்.

கணக்கு வாத்தியார்:
தம்பி, நீங்கள் படுத்துக் கிடந்தாலே 1900. உங்கள் வேலைக்கு 1.725-ஆல் பெருக்கலாம், 3200-ஐத் தாண்டும். 1500 சாப்பிட்டுவிட்டு அரிவாள் கம்பைத் தூக்காதீர்கள். 2700 பக்கம் வைத்துக்கொண்டு, டின் பானத்தை நிறுத்திப் பாருங்கள். மழையில் வேலை இல்லாத நாளில் மட்டும் இன்னும் குறைக்கலாம்.

ஜிம் தம்பி:
குலைவெட்டி அண்ணனுக்கு 1500 தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். பேக்டரி அக்கா விஷயத்தில் நான் மாறவில்லை. தலைசுற்றலுக்கு டாக்டரைப் பார்க்கட்டும். எல்லாம் சரி என்றால் 1300-ல் புரதத்தைக் கூட்டி, முட்டை, மீன், தவ்வு (டோஃபு) என்று சாப்பிட்டால் தாங்கும். 1500 என்று எழுதிவைத்தால் கையில் 1900 ஆகும். கோப்பி அண்ணன் காட்டிய ஆய்வே அதைத்தானே சொல்கிறது?

கணக்கு வாத்தியார்:
தப்பி வருவதை எதிர்பார்த்து இலக்கைத் தாழ்த்தினால், தப்பாமல் சாப்பிடுகிற நாளில் பேக்டரியில் மயங்கி விழுவார். 1450-ல் நான்கு வாரம் போகட்டும். முதல் வாரம் இறங்குவதில் நிறைய வெறும் தண்ணீர்தான், அதை நம்ப வேண்டாம். பிறகு வாரம் கால் கிலோகூட இறங்காவிட்டால் 100 குறைக்கலாம். 7700 கணக்கும் கடைசிவரை அப்படியே ஓடாது. எடை குறையக் குறைய உடம்பு எரிப்பதும் குறையும், ஐந்து கிலோவுக்கு ஒரு தடவை திரும்பக் கணக்குப் போட வேண்டும்.

பேக்டரி பஸ்:
எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு 1450 வைத்துக்கொள்கிறேன், ரத்தமும் எடுத்துப் பார்க்கிறேன். எண்ணெய் எங்கள் வீட்டில் ஐந்து நாளில் ஒரு பாக்கெட், மூன்று பேர். கணக்குப் போட்டுப் பயந்துவிட்டேன். வீட்டுக்காரர் திங்கட்கிழமையிலிருந்து காலையில் வெறும் கோப்பியோடு போகிறேன் என்கிறார். அவருக்கும் இதே கணக்குதானே?

பழைய மிஸ்ஸி:
அவர் ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா?

பேக்டரி பஸ்:
சர்க்கரைக்கு. மெட்போர்மின், அப்புறம் காலையில் கிளிக்லசைட் என்று ஒன்று.

பழைய மிஸ்ஸி:
திங்கட்கிழமைத் திட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மெட்போர்மின் மட்டும் என்றால் நான் இவ்வளவு பதற மாட்டேன். கிளிக்லசைட் வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதைப் போட்டுவிட்டு வெறும் கோப்பியோடு மோட்டார் ஓட்டினால், வழியிலேயே சர்க்கரை இறங்கிவிடலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ இனிப்புப் பானமோ கொடுங்கள். நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-க்கு அழையுங்கள்.

மாத்திரையை அவராக நிறுத்தவும் கூடாது. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல், மருந்துப் பையையும் சர்க்கரைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகட்டும். சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், மருந்து அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்கட்டும். அதுவரை மூன்று வேளையும் சாப்பிடட்டும்.

ஜிம் தம்பி:
இதில் மிஸ்ஸி சொல்வதைக் கேளுங்கள் அக்கா.